டேவி கிராக்கெட்டின் தடத்தில்: நாலிச்சக்கி ஆற்றிலிருந்து அலாமோ வரை

டெக்சாஸின் அலாமோ கோட்டையில் இறந்த அமெரிக்க வேட்டைக்காரர், அரசியல்வாதி டேவி கிராக்கெட் என்றதும் ரக்கூன் தோல் தொப்பியும், மூன்று வயதில் கரடி கொன்ற கதையும் நினைவுக்கு வரும். 1954, 55-ல் டிஸ்னி தொலைக்காட்சித் தொடர் அமெரிக்கப் பிள்ளைகள் தலையில் அந்தத் தொப்பியை ஏற்றிய பிறகு மனிதர் மறைந்துபோனார், தொப்பி மிஞ்சியது. இந்தப் பயணம் அவர் வாழ்ந்த வரிசையிலேயே கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. இந்த வரிசையில் போனால்தான் ஒன்று தெளிவாகத் தெரியும்: அவர் மேற்கே நகர்ந்த ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு கடனோ, கைநழுவிய நிலமோ, தோற்ற தேர்தலோ இருந்தது.

கார் இல்லாமல் இந்தப் பயணம் முடியாது. பாதி இடங்களுக்குப் பேருந்தே கிடையாது. மே அல்லது அக்டோபர் நல்ல காலம். குளிர்காலத்தில் சிறிய அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும்.

முதல் நாள்: லைம்ஸ்டோன், டென்னசி

ஜோன்ஸ்பரோவிலிருந்து 11இ நெடுஞ்சாலையில் தென்மேற்கே வந்தால், கிரீன்வில் வருவதற்கு முன்பே இடதுபுறம் லைம்ஸ்டோனுக்குப் பிரிவு வரும். லைம்ஸ்டோன் ஓடை நாலிச்சக்கி ஆற்றில் சேருமிடத்தில் பிறப்பிடப் பூங்கா. 1786 ஆகஸ்ட் 17-ல் அவர் பிறந்தபோது டென்னசி என்றொரு மாநிலமே கிடையாது. அது 1796-ல்தான் வந்தது. வட கரோலினாவிடமிருந்து பிரிந்துவிட்டோம் என்று குடியேறிகள் தாங்களே அறிவித்து, நான்கு ஆண்டுகளில் கலைந்துபோன 'பிராங்க்ளின்' மாநிலத்தின் காலம் அது.

டிஸ்னி தொடரின் புகழ்பெற்ற பாட்டு அவரை மலையுச்சியில் பிறக்கவைக்கிறது. இங்கே வந்து நின்றால் காலடியில் இருப்பது ஆற்றங்கரைச் சமவெளி. குடியேறிகள் மலையுச்சியில் வீடு கட்டுவதில்லை. தண்ணீர், சோளம் விளையும் வண்டல், படகு, மாவாலை எல்லாம் கீழேதான்.

இங்கே இருக்கும் மரக்கட்டை வீடு பிற்காலத்தில் கட்டிய மாதிரி. இந்த வகை வீட்டைப் பார்க்கும்போது மூலைகளைக் கவனியுங்கள். இரண்டு கட்டைகள் குறுக்கே பூட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டு வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும்; அப்போதுதான் மழைநீர் உள்ளே தங்காமல் வழிந்துபோகும். சரிவு உள்நோக்கி இருந்தால் சில ஆண்டுகளில் மூலை இற்றுவிடும். கட்டைகளுக்கு நடுவே கல்லும் மரச்சிம்பும் திணித்து மேலே களிமண் பூசுவார்கள். மரம் காயக்காயச் சுருங்குவதால் அந்தப் பூச்சு விரிசல் விடும். அடிக்கடி பூசிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மக்குவது மண்ணைத் தொடும் அடிக்கட்டை. இந்தக் காலத்து வீடுகள் அசலாக மிஞ்சாததற்குப் பெரிய காரணம் அந்த ஒரு கட்டைதான்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கொண்டுவந்த வெள்ளம் இந்தப் பூங்காவைப் பலமாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று மாநிலப் பூங்காத் துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளம் இந்தக் குடும்பத்துக்கு எப்போதும் எதிரி. தந்தை ஜான் கிராக்கெட் கூட்டாளி ஒருவரோடு கோவ் ஓடையில் கட்டிய மாவாலையை வெள்ளம் அடித்துப்போனது. மகனுக்கும் அதே கதி நேர்ந்தது. அதை லாரன்ஸ்பர்க்கில் பார்ப்போம்.

இரண்டாம் நாள்: மாரிஸ்டவுன், டான்ட்ரிட்ஜ்

ஆலை போனபின் ஜான் கிராக்கெட் நாக்ஸ்வில்லுக்கும் வர்ஜீனியாவின் ஆபிங்டனுக்கும் இடையிலான சாலையில் சத்திரம் வைத்தார். மாரிஸ்டவுனில் இப்போது இருப்பது அதன் மாதிரிக் கட்டடம். 1950-களில், பழைய பொருட்களைத் திரட்டி எழுப்பியது. ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள்.

வண்டியோட்டிகள் தங்கும் இந்தச் சத்திரத்தில் பணம் தங்கவில்லை. 12 வயதில் டேவிட்டைத் தந்தை ஜேக்கப் சைலர் என்ற மாட்டுக்காரரிடம் கூலிக்கு விட்டார். மாட்டு மந்தையோடு வர்ஜீனியாவுக்கு நடந்தே போனது, தன் கணக்கில் 400 மைல் என்கிறார் கிராக்கெட். திரும்பி வந்தபின் பள்ளிக்கு அனுப்பினால், நான்காம் நாள் ஒரு பெரிய பையனை அடித்துவிட்டு, வாத்தியாருக்கும் அப்பாவுக்கும் பயந்து ஓடிப்போனார். இரண்டு ஆண்டுக்கு மேல் வீடு திரும்பவில்லை.

அவர் திரும்பியதும் நடந்ததைத்தான் இங்கே நின்று யோசிக்க வேண்டும். தந்தை ஏப்ரஹாம் வில்சன் என்பவருக்கு 36 டாலர் கடன்பட்டிருந்தார். ஆறு மாதம் உழைத்துத் தீர்த்தான் மகன். பிறகு குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் கென்னடியிடம் வேலைக்குப் போனால், அவரிடமும் தந்தையின் 40 டாலர் கடன் சீட்டு இருந்தது. யாரும் கேட்காமலே இன்னொரு ஆறு மாதம் உழைத்து அந்தச் சீட்டையும் வாங்கித் தந்தையிடம் கொடுத்தான். அந்தக் கென்னடியின் மகன் நடத்திய பள்ளியில் வாரம் நான்கு நாள் படிப்பு, இரண்டு நாள் வேலை என்று ஆறு மாதம். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானவரின் மொத்தக் கல்வி அதுதான்.

மாரிஸ்டவுனிலிருந்து அரை மணி நேரத்தில் டான்ட்ரிட்ஜ். 1805-ல் மார்கரெட் எல்டர் என்ற பெண்ணை மணக்க இங்கேதான் உரிமம் எடுத்தார். அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். 1806-ல் பாலி ஃபின்லியோடு திருமணம். இப்போதிருக்கும் செங்கல் நீதிமன்றம் 1845-ல் கட்டியது, இன்றும் நடக்கிறது. உள்ளே உள்ள காட்சிப்பொருட்களைப் பார்க்க வார நாளில் அலுவலக நேரத்துக்குள் வர வேண்டும்.

மூன்றாம் நாள்: வின்செஸ்டர்

நாக்ஸ்வில்லிலிருந்து சாட்டனூகா வழியாக மூன்று மணி நேர ஓட்டம். சாட்டனூகா தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

1813-ல் கிராக்கெட் குடும்பம் வின்செஸ்டருக்குப் பக்கத்தில் பீன் ஓடையருகே குடியிருந்தது. 1815-ல் பாலி இங்கே இறந்தார். மேக்ஸ்வெல் அருகே ஒரு சிறு இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. சாலையோரத் தகவல் பலகையைப் பார்த்து மெதுவாக ஓட்டினால்தான் பிடிபடும்.

இங்கிருந்துதான் 1813 செப்டம்பரில் 90 நாள் ஒப்பந்தத்தில் கிரீக் பூர்வகுடிகளோடு நடந்த போருக்குப் போனார். நவம்பர் 3-ல் இன்றைய அலபாமாவின் டல்லுஷாட்ச்சி கிராமத்தைப் படை சுற்றி வளைத்தது. கிரீக் வீரர்களில் ஏறத்தாழ எல்லாரும் கொல்லப்பட்டார்கள். ஒரு வீட்டுக்குள் ஒதுங்கிய 46 பேரை வீட்டோடு கொளுத்தினார்கள். மறுநாள் பட்டினியோடு திரும்பி வந்த படையினர், எரிந்த வீட்டின் அடியிலிருந்த உருளைக்கிழங்குக் குழியைக் கண்டுபிடித்து, இறந்தவர்களின் கொழுப்பு வடிந்து வெந்த கிழங்கைத் தின்றார்கள். இதை எழுதி வைத்தது எதிரிகள் இல்லை, 1834-ல் வந்த தன்வரலாற்றில் கிராக்கெட்டே. சாகசக் கதைகள் இந்தப் பக்கத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன. இதைப் படிக்காமல் 1830-ல் அவர் போட்ட ஓட்டின் எடை புரியாது.

நான்காம் நாள்: லாரன்ஸ்பர்க்

64-ஆம் எண் சாலையில் மேற்கே ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் டேவிட் கிராக்கெட் மாநிலப் பூங்காவுக்கு வாருங்கள். முழு நாள் ஒதுக்குங்கள்.

எலிசபெத் பாட்டன் என்ற கைம்பெண்ணை மறுமணம் செய்துகொண்டு 1817-ல் ஷோல் ஓடைக்கு வந்தார். சமாதான நீதிபதி, ஊர் ஆணையர், உள்ளூர்ப் படையின் கர்னல், 1821-ல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்று வரிசையாக உயர்ந்தார். ஓடைக்கரையில் மூன்று தொழில்கள்: மாவாலை, வெடிமருந்து ஆலை, சாராய வடிசாலை. செலவு 3,000 டாலருக்கு மேல். தன் மொத்தச் சொத்தைவிட அதிகம் என்று அவரே சொல்கிறார்.

மூன்றும் ஒன்றையொன்று நம்பி நின்றவை. தண்ணீர்ச் சக்கரம் ஆலைக் கல்லைச் சுற்றும். அரைத்த சோளம் வடிசாலைக்குப் போகும். அதனால்தான் 1821 செப்டம்பர் வெள்ளத்தில் இரண்டு ஆலைகளும் போனதும், தப்பி நின்ற வடிசாலையும் முடங்கியது. ஊறப்போட அரைத்த தானியம் இல்லை. ஆற்றோட்டத்தில் ஆலை வைப்பவர் எல்லாருக்கும் இதே சங்கடம். சக்கரத்துக்கு விசை கிடைக்க ஓடையின் இறக்கத்தில் கட்ட வேண்டும், வெள்ளம் அதிக வேகத்தில் வருவதும் அங்கேதான். இருப்பதை விற்றாவது எல்லாருக்கும் கடனைக் கொடுத்துவிடலாம் என்றார் எலிசபெத். அப்படியே செய்துவிட்டு மேற்கே போனார்கள்.

வெடிமருந்தின் கலவை 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரிக்கு மென்மையான மரமே ஏற்றது. மூன்றையும் தனித்தனியே பொடித்துச் சும்மா கலந்தால் சீறி எரியுமே தவிர வெடிக்காது. ஈரப்பதத்தோடு மணிக்கணக்கில் சேர்த்து இடித்து, அடையாக்கி, உடைத்துச் சலித்துக் குருணையாக்க வேண்டும். அந்த இடிக்கும் வேலைக்குத்தான் ஓடைத் தண்ணீரின் விசை.

மருந்து போய்ச் சேரும் இடம் சக்கிமுக்கித் துப்பாக்கி. 1822-ல் லாரன்ஸ் கவுண்டி மக்கள் அவருக்குப் பரிசளித்த துப்பாக்கி, ஜேம்ஸ் கிரேகம் செய்தது, 0.40 அங்குலக் குழல். இப்போது அலாமோவின் சேகரிப்பில் இருக்கிறது. இந்த அளவுக் குழலுக்குச் சுமார் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் மருந்து போதும். மருந்து வைத்திருக்கும் மாட்டுக் கொம்பிலிருந்து அளவைக் குப்பிக்கு ஊற்றி, அங்கிருந்துதான் குழலுக்குள் போட வேண்டும். கொம்பை நேராகக் குழல்வாயில் கவிழ்த்தால், முந்தைய சூட்டின் கங்கு உள்ளே இருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். அடுத்து, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்துக் கோலால் அடிவரை தள்ள வேண்டும். துணிதான் குழலின் மரையைக் கவ்விக் குண்டைச் சுழற்றுகிறது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். கடைசியாகப் பக்கவாட்டுக் கிண்ணியில் சிட்டிகை நுண்மருந்து.

சுடும்போது கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணியில் விழுந்து, தீ பக்கத் துளை வழியே உள்ளே போகும். துளை கரியடைத்திருந்தால் கிண்ணி மட்டும் பளிச்சென்று எரியும், குண்டு கிளம்பாது. கிண்ணியில் மருந்தை அள்ளிப்போட்டுத் துளையை மூடிவிட்டால் தீ ஊர்ந்து போகும், சூடு தாமதமாகும், குறி தவறும். சில சூடுகளுக்குப் பிறகு கரி படிந்து அடுத்த குண்டு இறங்க மறுக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ரைஃபிள் தூரத்துக்குத் துல்லியமானது, ஆனால் மெதுவானது. அலாமோவில் கடைசி அரை மணியில் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இது முக்கியம்.

இந்தப் பூங்காவுக்குள்ளேயே இன்னொரு தடமும் ஓடுகிறது. 1838-ல் செரோக்கி பூர்வகுடி மக்களைத் தாய்மண்ணிலிருந்து பெயர்த்து மேற்கே ஓட்டியபோது, பெல் குழு என்ற அணி இந்த வழியாகத்தான் நடந்தது. 'கண்ணீர்த் தடம்' என்று பெயர்பெற்ற அந்த வழியின் ஒரு பகுதியில் இன்று காட்டுப் பாதையாக நடக்கலாம். அந்தப் பெயர்ப்புக்குச் சட்டம் போட்டது 1830 மே மாதம். கீழவையில் 102-க்கு 97. டென்னசியிலிருந்து போன உறுப்பினர்களில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் கிராக்கெட் ஒருவரே. அதுவும் தன் மாநிலத்தவரான, தான் போரில் பின்தொடர்ந்த ஜனாதிபதி ஆண்ட்ரு ஜாக்சனுக்கு எதிராக. இந்த ஓட்டுக்காகத் தீர்ப்பு நாளில் வெட்கப்பட வேண்டியிராது என்று எழுதினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். டல்லுஷாட்ச்சியைக் கண்ணால் கண்டவர் போட்ட ஓட்டு இது. அவரை வீரர் என்று அழைக்க எங்களுக்குக் கரடிகளைவிட இதுவே போதும்.

ஐந்தாம் நாள்: ரதர்ஃபோர்ட், ரீல்ஃபுட் ஏரி

மேற்கே மூன்று மணி நேரம். ரதர்ஃபோர்டில் உள்ள வீடு, அவருடைய கடைசி டென்னசி வீட்டின் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. இந்தத் தடத்தில் அசல் மரத்தைப் பார்க்க இதுவே இடம். தாய் ரெபெக்காவின் கல்லறையும் இங்கேயே. ஒரு மணி நேரம் போதும்.

பிறகு ரீல்ஃபுட். 1811, 12 நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து, மிசிசிப்பித் தண்ணீர் புகுந்து உண்டான ஏரி. கிராக்கெட் வேட்டையாடியது இந்த உடைந்த பூமியில்தான்: வேரோடு சாய்ந்த மரங்கள், புதர் மூடிய நிலப்பிளவுகள். கருங்கரடிக்கு இதைவிட நல்ல மறைவிடம் இல்லை. நாய்கள் கரடியைச் சூழ்ந்து நிறுத்தும், பிறகு சூடு. இருட்டில் ஒரு பிளவுக்குள் இறங்கிக் கத்தியால் கரடியைக் கொன்றதாகவும், ஓராண்டுக்குள் 105 கரடிகள் என்றும் அவர் கணக்கு. எண்ணிக்கையைத் தேர்தல் பேச்சாளரின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரடியின் இறைச்சி, எண்ணெய், தோல் மூன்றும் அன்றைய குடும்பத்தின் குளிர்காலச் செலவு என்பது மெய்.

ஏரியில் படகெடுப்பவர்கள் கவனிக்க: ஆழம் குறைவு, மூழ்கிய காட்டின் அடிமரங்கள் நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கின்றன. வாடகைப் படகுக்காரர் காட்டும் வழியை விட்டு விலகினால் விசிறி உடையும். ஜனவரி, பிப்ரவரியில் வெண்தலைக் கழுகுகள் நிறைய வரும்.

ஆறாம் நாள்: மெம்ஃபிஸ்

1826-ல் பீப்பாய்ப் பலகைகள் ஏற்றிய இரண்டு தட்டைப் படகுகளோடு கிராக்கெட் மிசிசிப்பியில் இறங்கினார். தடுமாறிய படகோட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டினார். தவறு அதில்தான்: சுமை ஏறிய தட்டைப் படகைத் திருப்புவதே கடினம், இரண்டைக் கட்டினால் நீரோட்டம் போன போக்கு. மெம்ஃபிஸுக்கு மேலே மிதவை மரக்குவியலில் மோதியது. கீழறையில் இருந்த அவரைச் சிறு துளை வழியாகத் தோலுரிய வெளியே இழுத்தார்கள். சரக்கு முழுவதும் போயிற்று. அப்படிக் கரையேறிய ஊரில் கிடைத்த நட்புகள் 1827-ல் அவரை நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனுக்கு அனுப்ப உதவின.

அங்கே அவர் விடாமல் கேட்டது ஒன்றே: மேற்கு டென்னசியில் பட்டா இல்லாமல் காடு திருத்திக் குடியிருந்த ஏழைகளுக்கு அந்த நிலத்தைச் சொந்தமாக்க வேண்டும். அந்த மசோதா அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

தொப்பியின் கதையும் இந்த ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. 1831-ல் நியூயார்க் மேடையில் ஜேம்ஸ் ஹாக்கெட் என்ற நடிகர், கிராக்கெட்டைச் சாயலாகக் கொண்ட நிம்ராட் வைல்ட்ஃபயர் பாத்திரத்தில் காட்டுப்பூனைத் தோல் தொப்பியோடு வந்தார். 1835 முதல் அச்சான 'கிராக்கெட் பஞ்சாங்கங்கள்' சூரிய உதயம், பிறை நாட்களுக்கு நடுவே அவர் பெயரில் அண்டப்புளுகுகளை நிரப்பின. 1837 பஞ்சாங்க அட்டைப்படம் ஹாக்கெட்டின் தொப்பியைக் கிராக்கெட் தலையில் வைத்தது. 1834-ல் ஜான் கேட்ஸ்பி சாப்மன் அவரை நேரில் உட்கார்த்தி வரைந்த முழு உருவ ஓவியத்தில் கையில் இருப்பது சாதாரண அகல விளிம்புத் தொப்பி.

1835 தேர்தலில் மரக்கால் வைத்திருந்த ஆடம் ஹன்ட்ஸ்மனிடம் தோற்றார். "நீங்கள் நரகத்துக்குப் போங்கள், நான் டெக்சாஸுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு நவம்பர் 1-ல் கிளம்பினார். கூட வந்தவர்கள் மூவர். படை இல்லை, நிலம் தேடும் பயணம்.

ஏழாம் நாள்: நாகடோச்சஸ்

லிட்டில் ராக், டெக்சார்கானா வழியாக ஏழு மணி நேர ஓட்டம். வழியில் நிற்க அதிகமில்லை. 1836 ஜனவரியில் இந்த ஊரில், மெக்சிகோவை எதிர்த்துக் கிளம்பிய டெக்சாஸ் தற்காலிக அரசுக்கு உறுதிமொழி எடுத்தார். எதிர்காலத்தில் அமையும் 'எந்த அரசுக்கும்' என்றிருந்ததை 'எந்தக் குடியரசுக்கும்' என்று மாற்றிய பிறகே கையெழுத்துப் போட்டார். ஜனவரி 9-ல் சான் அகஸ்டினிலிருந்து மகள் மார்கரெட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்த மண்ணை உலகத்தின் தோட்டம் என்கிறார். நல்ல நிலம், புதிய அரசியல், கடன் இல்லாத தொடக்கம் எல்லாம் அதில் தெரிகின்றன.

பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பழைய கல் கோட்டை 1936-ல் கட்டிய மாதிரி; அசலை 1902-ல் இடித்துவிட்டார்கள்.

எட்டாம் நாள்: சான் அன்டோனியோ

டெக்சாஸ் 21-ஆம் சாலை பழைய ஸ்பானிய அரசப் பாதையை ஒட்டியே போகிறது. வழியில் கிராக்கெட் என்றே ஓர் ஊர்.

அலாமோ தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, ஆனால் நேரச் சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். உள்ளே ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம். எல்லாரும் படமெடுக்கும் அந்த வளைந்த முகப்பு உச்சியைக் கிராக்கெட் பார்த்ததே இல்லை. 1850-ல் அமெரிக்க ராணுவம் சேர்த்தது. 1836-ல் தேவாலயத்துக்குக் கூரையும் கிடையாது.

தேவாலயத்துக்குத் தெற்கே மரவேலியின் மறுகட்டமைப்பு இருக்கிறது. அங்கே நில்லுங்கள். கல் மதில் இல்லாத அந்த இடைவெளியை இரண்டு வரிசை மரத்தூண்களும் நடுவே மண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். டென்னசிக்காரர்களின் காவல் அங்கேதான். பிப்ரவரி 23-ல் தொடங்கிய முற்றுகை மார்ச் 6 விடியலுக்கு முன் தாக்குதலாக மாறியது. மெக்சிகோ தளபதி சாண்டா அன்னாவின் படை அந்த இடத்தைவிட வடக்கு மதிலில் பலமாக மோதி உள்ளே ஏறியது. இருட்டில், கைக்கெட்டும் தூரத்தில், நிதானமாகக் கெட்டிக்க வேண்டிய ரைஃபிளுக்குப் பயனில்லை.

அவர் எப்படி இறந்தார் என்பதில் சாட்சியங்கள் இரண்டு திசையில் போகின்றன. உயிர்தப்பிய சூசன்னா டிக்கின்சன், தேவாலயத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே அவர் உடலைப் பார்த்ததாகச் சொன்னார். மெக்சிகோ அதிகாரி ஹோசே என்ரிக் தெ லா பெஞ்ஞாவின் கையெழுத்துப் பிரதியோ, பிடிபட்ட சிலரில் கிராக்கெட்டும் ஒருவர், சண்டை முடிந்தபின் சாண்டா அன்னா உத்தரவில் கொல்லப்பட்டார் என்கிறது. 1975-ல் அது ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்ப்பாளருக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. பிடிபட்டு இறந்தால் வீரம் குறைந்துவிடும் என்ற எண்ணமே எங்களுக்குப் புரியவில்லை. நடந்தே பத்து நிமிடத்தில் எட்டும் சான் ஃபெர்னாண்டோ பேராலய வாசலருகே ஒரு பளிங்குப் பேழையில், அலாமோ வீரர்களுடையது என்று சொல்லப்படும் சாம்பல் வைக்கப்பட்டிருக்கிறது. உடல்கள் எரிக்கப்பட்டதால் யாருடையது என்று பிரிக்க வழியில்லை.

டல்லாஸிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் கிரான்பரி அருகே ஆக்டன் இடுகாட்டுக்கும் போகலாம். கணவரின் போர்ப்பணிக்காகக் கிடைத்த நிலத்தில் குடியேற எலிசபெத் 1850-களில் டெக்சாஸ் வந்து, 1860-ல் இறந்தார். அவர் கல்லறை இருக்கும் துண்டு நிலம் டெக்சாஸின் மிகச் சிறிய மாநில வரலாற்றுத் தலம். ஃபோர்ட் வொர்த்திலிருந்து முக்கால் மணி நேரம், நுழைவுக் கட்டணம் இல்லை.